உரமா, டானிக்கா? மாடித் தோட்டத்துக்கு வாங்கும் முன் போட வேண்டிய ‘5 கிராம்’ கணக்கு!

மாடியில் ஆறு பை. நான்கில் தக்காளி, ஒன்றில் கத்தரி, ஒன்றில் மிளகாய். ஒரு மாதம் நன்றாக வளர்ந்த செடி திடீரென்று வெளிறுகிறது. பூ வருகிறது, உதிர்கிறது. உடனே கை மொபைலுக்குப் போகிறது. யூடியூபில் ஒருவர் எப்சம் உப்பு போடச் சொல்கிறார். இன்னொருவர் வாழைப்பழத் தோலை ஊறவைக்கச் சொல்கிறார். மூன்றாவது வீடியோவில் ஹியூமிக் அமிலம், நான்காவதில் மீன் அமிலம். ஆன்லைன் கார்ட்டில் நான்கு பாட்டில் ஏறிவிட்டது. தக்காளி விலையைவிட டானிக் விலை அதிகமாகிவிட்டது!

விழுப்புரம் மாவட்டம், மேல்மலையனூர் வட்டத்தில், செஞ்சிக்கும் திருவண்ணாமலைக்கும் இடையில் இருக்கிறது அவலூர்பேட்டை. நெல்லும் மல்லாட்டையும் விளையும் ஊர். வேர்க்கடலையைத்தான் இந்தப் பக்கம் மல்லாட்டை என்பார்கள். மாடும் ஆடும் உள்ள வீடுகள், எருக்குழி உள்ள கொல்லைகள், ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் என்று விவசாயத்தைச் சுற்றியே இயங்கும் ஊர் இது. சென்னை, பெங்களூரு வேலையோடு வீடு திரும்பிய தலைமுறை இங்கும் மாடியில் பை வைக்கிறது. வேடிக்கை என்னவென்றால், ஆன்லைனில் தேடும் சத்துகளில் பாதி, கீழே தாத்தாவின் எருக்குழியிலும் செக்கிலும் கிடக்கிறது.

சரி, எதை வாங்குவது, எதை விடுவது? அதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும்.

செடிக்கு எது சாப்பாடு?

செடி உயிர் வாழ 17 தனிமங்கள் வேண்டும். கார்பன், ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் மூன்றும் காற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வந்துவிடும். மீதி 14-ம் முக்கியமாக வேர் வழியாக வர வேண்டும். அவற்றில் அதிகம் தேவைப்படுவது மூன்று.

தழைச்சத்து, அதாவது நைட்ரஜன்: இலையும் தண்டும் வளர.
மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ்: வேர் பிடிக்க, பூக்க.
சாம்பல் சத்து, அதாவது பொட்டாசியம்: காய் பருக்க, வறட்சியையும் நோயையும் தாங்க.

அடுத்த வரிசையில் கால்சியம், மெக்னீசியம், கந்தகம். அதற்கடுத்து இரும்பு, துத்தநாகம், போரான் போன்ற நுண்ணூட்டங்கள். இவை மிகக் குறைந்த அளவே வேண்டும். ஆனால் அந்தக் குறைந்த அளவு இல்லையென்றால் மற்றதெல்லாம் இருந்தும் பயனில்லை. 19-ம் நூற்றாண்டில் ஜெர்மன் வேதியியலாளர் யூஸ்டுஸ் ஃபான் லீபிக் பிரபலமாக்கிய விதி இதுதான்: எந்தச் சத்து மிகக் குறைவாக இருக்கிறதோ, அதுதான் விளைச்சலின் எல்லையைத் தீர்மானிக்கும். இரும்புக் குறை உள்ள செடிக்கு யூரியா கொட்டினால் பச்சை திரும்பாது.

இந்த விதியை அவலூர்பேட்டை விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மல்லாட்டைக்கு 40-45-ம் நாள் மண் அணைக்கும்போது ஜிப்சம் போடுவார்கள். ஹெக்டேருக்கு 400 கிலோ என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. ஏன் அந்த நேரம்? விழுது மண்ணுக்குள் இறங்கி காய் பிடிக்கும்போது, காய் தனக்கு வேண்டிய கால்சியத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேரடியாக உறிஞ்சிக்கொள்கிறது. அந்த நேரத்தில், அந்த இடத்தில் கால்சியம் இல்லையென்றால் பொக்குக் காய்தான். எந்தச் சத்து, எப்போது, எங்கே என்ற மூன்று கேள்விக்கும் பதில் வைத்துக்கொண்டு உரம் போடுவது என்றால் இதுதான். மாடியிலும் அதே மூன்று கேள்விகள்தான்.

பையில் இருக்கும் மூன்று எண்கள்

எந்த உர மூட்டையிலும் 17:17:17, 19:19:19, 18:46:0 என்று மூன்று எண்கள் இருக்கும். தழை, மணி, சாம்பல் என்ற வரிசையில், 100 கிராமில் எத்தனை கிராம் சத்து என்பதைச் சொல்லும் எண்கள் இவை. டி.ஏ.பி. என்றால் 18% தழை, 46% மணி, சாம்பல் இல்லை. யூரியா என்றால் 46% தழை மட்டும்.

இந்த எண்கள் விளம்பரம் இல்லை, சட்டம். அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் கீழ் வந்த 1985-ம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைதான் இந்தியாவில் எதை உரம் என்று விற்கலாம், அதில் என்ன இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. புழு உரத்துக்கும் அதில் தர அளவு உண்டு.

ஆகவே ஒரு பாட்டிலை எடுத்ததும் முதலில் தேட வேண்டியது ‘100% ஆர்கானிக்’ என்ற பெரிய எழுத்தை அல்ல. பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் சத்து சதவீதத்தை. அது எங்கேயும் இல்லையென்றால், அதற்கு நீங்கள் என்ன விலை கொடுக்கிறீர்கள் என்பதே தெரியாது.

அந்த ‘5 கிராம்’ கணக்கு

ஒரு டன் தக்காளி விளைய, செடிகள் ஏறக்குறைய 2.5 கிலோ தழைச்சத்து எடுத்துக்கொள்கின்றன. அப்படியென்றால் ஒரு பையில் 2 கிலோ தக்காளி வேண்டுமானால் அந்தச் செடிக்குத் தோராயமாக 5 கிராம் தழைச்சத்து தேவை. அந்த 5 கிராம் எதில் எவ்வளவு இருக்கிறது?

• யூரியா (46%): 11 கிராம்
• கடலைப் புண்ணாக்கு (சுமார் 7.3%): 70 கிராம்
• எள்ளுப் புண்ணாக்கு (சுமார் 6.2%): 80 கிராம்
• வேப்பம் புண்ணாக்கு (சுமார் 5.2%): 100 கிராம்
• தேங்காய்ப் புண்ணாக்கு (சுமார் 3%): 170 கிராம்
• புழு உரம் (சுமார் 1%): அரை கிலோ
• நன்கு மக்கிய தொழு உரம் (சுமார் 0.5%): ஒரு கிலோ

மாட்டுக்கும் மக்குக்கும் ஏற்றபடி இந்த எண்கள் முன்னே பின்னே இருக்கும். இன்னொன்றும் உண்டு. யூரியா உடனே கரைந்துவிடும். புண்ணாக்கும் எருவும் நுண்ணுயிர்கள் தின்று செரித்த பிறகுதான் செடிக்குக் கிடைக்கும். ஒரு பருவத்தில் அவற்றில் ஒரு பங்குதான் கைக்கு வரும். அதனால் இயற்கை உரத்தைக் கணக்கு காட்டுவதைவிடக் கூடுதலாக, அதுவும் நடுவதற்கு முன்பே கலந்து வைப்பது நல்லது.

இந்தப் பட்டியல் விலையைப் பார்க்கவும் உதவும். உதாரணத்துக்கு, 1.5% தழைச்சத்து உள்ள ஒரு கிலோ ‘பிரீமியம்’ கலவை 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் இருப்பது 15 கிராம் தழைச்சத்து. ஒரு கிராம் 13 ரூபாய்க்கு மேல்! அதுவே கடலைப் புண்ணாக்கு கிலோ 60 ரூபாய் என்றால், 73 கிராம் கிடைக்கும். ஒரு கிராம் ஒரு ரூபாய்க்கும் குறைவு. நீங்கள் வாங்கும் விலையைப் போட்டுப் பாருங்கள். பாதி கார்ட் தானாகக் காலியாகிவிடும்.

பஞ்சகவ்யா: உரமா, ஊக்கியா?

இந்தக் கேள்விதான் மாடித் தோட்டக் குழுக்களில் சண்டையைக் கிளப்பும். பஞ்சகவ்யாவைத் தமிழக விவசாயிகளிடம் பரவலாகக் கொண்டுசேர்த்தவர் கொடுமுடி மருத்துவர் கே.நடராஜன். சாணம், கோமியம், பால், தயிர், நெய்யோடு இளநீர், வெல்லம், வாழைப்பழம் சேர்த்துப் புளிக்கவைக்கும் கரைசல் அது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மி.லி. கலந்து தெளிப்பது வழக்கம்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தரும் ஆய்வு விவரத்தின்படி, பஞ்சகவ்யாவில் தழைச்சத்து 229 பி.பி.எம். அதாவது ஒரு லிட்டரில் 229 மில்லிகிராம். இப்போது நம் 5 கிராம் கணக்கைப் போட்டால், தண்ணீர் கலக்காத பஞ்சகவ்யா கிட்டத்தட்ட 22 லிட்டர் வேண்டும். ஒரு தக்காளிச் செடிக்கு! 30 மி.லி. கலந்த ஒரு லிட்டர் தெளிப்பில் இருப்பது சுமார் 7 மில்லிகிராம் மட்டுமே.

அப்போ பஞ்சகவ்யா வேஸ்ட்டா? அப்படியும் இல்லை. அதே ஆய்வு விவரத்தில், செடியின் வளர்ச்சியைத் தூண்டும் ஐ.ஏ.ஏ., ஜிப்ரலிக் அமிலம் ஆகிய ஹார்மோன்கள் சிறிதளவு இருப்பதும் காட்டப்பட்டிருக்கிறது. நுண்ணுயிர்களும் உண்டு. இலையில் தெளித்தால் செடி துளிர்ப்பதாக விவசாயிகள் சொல்வதற்குக் காரணம் அங்கே இருக்கலாம். ஆனால் அது சாப்பாடு போட்ட செடிக்குத் தரும் டானிக். வெறும் தேங்காய் நாரில் நிற்கும் செடிக்கு வாரம் தவறாமல் பஞ்சகவ்யா அடித்துவிட்டு, ‘இயற்கை முறை வேலை செய்யலை’ என்று சொல்வது, பட்டினி கிடப்பவருக்குச் சத்து மாத்திரை கொடுத்துவிட்டு எடை ஏறவில்லை என்பது போல.

ஜீவாமிர்தமும் இதே கதைதான். சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு, ஒரு கைப்பிடி மண் சேரும் அந்தக் கரைசல், மண்ணில் நுண்ணுயிரைப் பெருக்க. அந்த நுண்ணுயிர் தின்பதற்கு மண்ணில் மக்கு இருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: சாணம் சேர்ந்த கரைசல்களைப் பச்சையாகச் சாப்பிடும் கீரை, கொத்தமல்லி, புதினா மீது அறுவடை நெருக்கத்தில் தெளிக்க வேண்டாம். பறித்த பிறகு நன்றாகக் கழுவவும்.

பாட்டிலில் வரும் ஊக்கிகள்: சட்டம் என்ன சொல்கிறது?

கடற்பாசிச் சாறு, ஹியூமிக் அமிலம், ஃபுல்விக் அமிலம், அமினோ அமிலம் என்று பளபளப்பாக வரும் பாட்டில்களுக்குச் சட்டத்தில் ஒரு பெயர் உண்டு: உயிர் ஊக்கிகள், ஆங்கிலத்தில் பயோஸ்டிமுலன்ட். 2021 பிப்ரவரியில் மத்திய அரசு இவற்றை உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்தது. அந்த வரையறையே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. செடியின் உடலியக்கத்தைத் தூண்டி, சத்தை எடுத்துக்கொள்ளும் திறனையும் வளர்ச்சியையும் கூட்டுவதுதான் இவற்றின் முதன்மை வேலை. தனக்குள் எவ்வளவு சத்து இருக்கிறது என்பது அங்கே கணக்கே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019-ம் ஆண்டு உர விதிமுறையும் ஏறக்குறைய இதே போலத்தான் பிரிக்கிறது.

எடுத்துக்கொள்ளும் திறன் கூடுகிறது, சரி. எடுத்துக்கொள்ள மண்ணில் ஏதாவது இருக்க வேண்டுமே?

பிரச்சினை இதோடு முடியவில்லை. 2025 ஜூலையில் மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சவுகான் சொன்ன எண்கள் இவை: பல ஆண்டுகளாக சுமார் 30,000 உயிர் ஊக்கிப் பொருட்கள் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் விற்கப்பட்டன. அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளிலும் சுமார் 8,000 பொருட்கள் சந்தையில் இருந்தன. கெடுபிடிக்குப் பிறகு அது சுமார் 650 ஆகக் குறைந்தது. மானிய உரம் வாங்கப் போகும் விவசாயியின் தலையில் ஊக்கிகளையும் நானோ உரங்களையும் சேர்த்துக் கட்டும் பழக்கத்தை நிறுத்தச் சொல்லி, அவர் மாநில முதல்வர்களுக்குக் கடிதமும் எழுதினார்.

விவசாயிக்கே இந்த நிலை என்றால், ஆன்லைனில் 100 மி.லி. பாட்டிலாகப் பிரித்து விற்கப்படும் சரக்கை வாங்கும் மாடித் தோட்டக்காரர் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்? உற்பத்தியாளர் பெயர், முகவரி, உள்ளடக்கம், தயாரிப்பு மற்றும் காலாவதி தேதி, உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் அனுமதி பெற்ற விவரம் ஆகியவை லேபிளில் இல்லையென்றால் வாங்க வேண்டாம்.

‘ஒரே வாரத்தில் பூ கொட்டும்’ என்று விற்கப்படும் சில பாட்டில்களில் இருப்பது வளர்ச்சி ஒழுங்குபடுத்திகள். அவை உரமே இல்லை. 1968-ம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வருபவை. அளவு தப்பினால் பூவுக்குப் பதில் இலை சுருண்டு, செடி கோணும்.

நானோ யூரியா சொல்லும் பாடம்

கிராம் கணக்கு ஏன் முக்கியம் என்பதற்கு நாடே பேசிய ஒரு உதாரணம் உண்டு. 2021 மே 31 அன்று இஃப்கோ நிறுவனம் நானோ யூரியாவை அறிமுகப்படுத்தியது. 500 மி.லி. பாட்டில் ஒன்று, 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றுக்கு ஈடு என்றது. அப்போதைய பாட்டிலில் இருந்தது 4% தழைச்சத்து, அதாவது 20 கிராம். மூட்டையில் இருப்பது 20 கிலோ 700 கிராம்.

நானோ துகள்கள் இலை வழியாக நேரடியாக நுழைவதால் குறைந்த அளவே போதும் என்பது நிறுவனத்தின் வாதம். டென்மார்க்கின் கோபன்ஹேகன் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் மேக்ஸ் ஃபிராங்க், சோரன் ஹஸ்டட் இருவரும் இந்த வாதத்துக்குப் போதிய அறிவியல் ஆதாரம் இல்லை என்று ‘பிளான்ட் அண்ட் சாயில்’ இதழில் எழுதினார்கள். பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தின் வயல் ஆய்வில் நெல், கோதுமை விளைச்சல் குறைந்தது. விமர்சனங்களை இஃப்கோ மறுத்தது, பின்னர் தழைச்சத்து சதவீதத்தைக் கூட்டிய வடிவமும் வந்தது. விவாதம் எப்படியும் போகட்டும். பாட்டிலைக் கையில் எடுத்ததும் ‘இதில் எத்தனை கிராம்?’ என்று கேட்கும் பழக்கம் நமக்கு வந்தால் போதும்.

அப்போ யூரியாவே போட்டுவிடலாமா?

45 கிலோ மூட்டை மானிய விலையில் 266 ரூபாய் 50 காசு. ஒரு கிலோ தழைச்சத்து சுமார் 13 ரூபாய்தான்! இதைவிட மலிவு எதுவும் இல்லை. ஆனால் இந்த மானியம் வயலுக்கானது. மாடிக்கு அது சரிப்படாததற்கு வேறு காரணமும் உண்டு.

வயலில் வேருக்கு ஓட இடம் இருக்கிறது. 15 லிட்டர் பையில் இல்லை. கரையும் உரம் எல்லாமே ஒருவகை உப்புதான். ஒரு ஸ்பூன் கூடிப்போனால் வேரைச் சுற்றி உப்பு ஏறி, வேரிலிருந்து தண்ணீரை வெளியே இழுக்கும். இலை ஓரம் கருகும். ‘தண்ணி பத்தல போல’ என்று நினைத்து இன்னும் கொஞ்சம் உரத் தண்ணி ஊற்றினால் கதை முடிந்தது.

இரசாயன உரம்தான் வேண்டும் என்றால், தண்ணீரில் முழுதும் கரையும் 19:19:19 போன்றவற்றை லிட்டருக்கு 1-2 கிராம் என்ற குறைந்த அளவில், ஈர மண்ணில், 10-15 நாளுக்கு ஒருமுறை கொடுக்கலாம். ஸ்பூன் வேண்டாம். 500 ரூபாய்க்குள் கிடைக்கும் சமையலறைத் தராசு ஒன்று, நான்கு டானிக் பாட்டிலைவிட உங்கள் செடிக்கு நல்லது செய்யும்.

செடியின் வேர் நைட்ரேட்டை எடுக்கும்போது அது மாட்டிலிருந்து வந்ததா, தொழிற்சாலையிலிருந்து வந்ததா என்று பார்ப்பதில்லை. வித்தியாசம் மண்ணில்தான். எருவும் புண்ணாக்கும் மண்ணுக்குக் கரிமத்தைத் தரும், ஈரம் காக்கும், மெதுவாக ஊட்டும், தப்பு செய்தாலும் கொஞ்சம் மன்னிக்கும். சின்னப் பையில், புதிதாகத் தொடங்குபவருக்கு இந்த ‘மன்னிக்கும் குணம்’ பெரிய விஷயம்.

தேங்காய் நார் வைக்கும் பொறி

மாடியில் எடை குறைய வேண்டும் என்று எல்லோரும் தேங்காய் நார்க்கழிவு வாங்குகிறோம். தமிழக அரசு 2021-22-ல் தொடங்கிய ‘முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டம்’ திட்டத்தின் மாடித் தோட்டத் தொகுப்பிலும் இதுதான் அடிப்படை. 900 ரூபாய் மதிப்புள்ள அந்தத் தொகுப்பு மானியம் போக 225 ரூபாய்க்கு அறிவிக்கப்பட்டது. அதில் 6 பைகள், 2 கிலோ எடையில் 6 நார்க்கட்டிகள், 6 வகை விதைகள், 400 கிராம் உயிர் உரம், 200 கிராம் உயிரிக் கட்டுப்பாட்டுக் காரணி, 100 மி.லி. வேம்புப் பூச்சிக்கொல்லி, ஒரு கையேடு.

பட்டியலை மறுபடி பாருங்கள். எருவோ, புழு உரமோ இல்லை. அதை நாம்தான் சேர்க்க வேண்டும். மக்காத நார்க்கழிவில் கார்பன், தழைச்சத்து விகிதம் 112:1. அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தைச் செடியிடமிருந்தே பிடுங்கிக்கொள்ளும். கழுவாத கட்டி என்றால் உப்பும் இருக்கும். முதல் மாதத்துக்குப் பிறகு செடி வெளிறுவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

தீர்வு சிம்பிள். கட்டியை ஊறவைத்து, இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றி அலசவும். பிறகு செம்மண் ஒரு பங்கு, அலசிய நார் ஒரு பங்கு, மக்கிய எரு அல்லது புழு உரம் ஒரு பங்கு. பைக்கு 50-100 கிராம் வேப்பம் புண்ணாக்கு. தொகுப்பில் வரும் அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா இரண்டையும் எருவோடு கலந்து போட்டால்தான் அவை பிழைத்து வேலை செய்யும்.

வாங்கும் முன் இலையைப் பாருங்கள்

சில சத்துகள் செடிக்குள் இடம் மாறும். பற்றாக்குறை வந்தால் செடி பழைய இலையிலிருந்து எடுத்துப் புதிய துளிருக்குக் கொடுத்துவிடும். சில சத்துகள் நகராது. அதனால் மஞ்சள் எங்கே தொடங்குகிறது என்பதே பாதி விடை.

அடி இலை முழுதும் வெளிறினால்: தழைச்சத்து குறைவு. எரு, புண்ணாக்குக் கரைசல்.

அடி இலையின் ஓரம் காய்ந்தால்: சாம்பல் சத்துக் குறைவாக இருக்கலாம். உப்பு ஏறினாலும் இப்படி ஆகும். முதலில் நல்ல தண்ணீர் விட்டு, பையின் அடியில் வடியவிட்டுப் பாருங்கள்.

அடி இலையில் நரம்பு பச்சை, இடையில் மஞ்சள்: மெக்னீசியம். எப்சம் உப்புக்கு உண்மையான வேலை இங்கேதான். லிட்டருக்கு 5 கிராம் தெளித்தால் போதும். எல்லாச் செடிக்கும் மாதாமாதம் போட வேண்டியதில்லை. கூடினால் கால்சியம் உறிஞ்சுவதைத் தடுக்கும்.

நுனித் துளிரில் நரம்பு பச்சை, இடையில் மஞ்சள்: இரும்பு. உப்புக் கடினமான போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இது அடிக்கடி வரும். மண்ணில் இரும்பு இருந்தாலும் காரத்தன்மை ஏறிவிட்டால் வேரால் எடுக்க முடியாது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு, 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து தெளிப்பது வழக்கம். மழைநீர் பிடித்து ஊற்றினால் இன்னும் நல்லது.

தக்காளியின் அடிப்பகுதி கறுத்து அழுகினால்: கால்சியம் காய்க்குப் போய்ச் சேரவில்லை. பெரும்பாலும் மண்ணில் கால்சியம் இல்லாததால் அல்ல. ஒருநாள் காய்ச்சல், ஒருநாள் வெள்ளம் என்று தண்ணீர் விடுவதால். முட்டை ஓட்டைத் தேடும் முன் தண்ணீரை ஒழுங்காக்குங்கள்.

ஆக, பாதிப் பிரச்சினைக்குக் காரணம் தண்ணீர். அதைப் பாட்டிலில் யாரும் விற்பதில்லை!

சமையலறை வைத்தியம்: எது ஓகே?

வாழைப்பழத் தோல்: சாம்பல் சத்து உண்டு, தழைச்சத்து சொற்பம். ஊறவைப்பதைவிட உரக்குழியில் மக்கவைப்பதே பலன்.

முட்டை ஓடு: கிட்டத்தட்ட முழுதும் கால்சியம் கார்பனேட். கடின நீர் ஊற்றும் கார மண்ணில் கரையவே கரையாது.

விறகு அடுப்புச் சாம்பல்: நல்ல சாம்பல் சத்து. ஆனால் காரம் ஏற்றும். பைக்கு ஒரு ஸ்பூனுக்கு மேல் வேண்டாம். இரும்புக் குறை உள்ள செடிக்கு வேண்டவே வேண்டாம்.

அரிசி கழுவிய தண்ணீர்: தாராளமாக ஊற்றலாம். உரமாக நினைக்காமல், வீணாகாத தண்ணீராக.

டீத்தூள்: சர்க்கரை, பால் போக அலசி, மக்கவைத்துப் போடலாம்.

ஊரிலேயே இருக்கும் சரக்கு

இப்போது அவலூர்பேட்டைக்கு வருவோம். மல்லாட்டை விளையும் ஊரில் புண்ணாக்குக்குப் பஞ்சமில்லை. 100 கிராம் புண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து, செடிக்கு அரை லிட்டர் வீதம் 10-15 நாளுக்கு ஒருமுறை ஊற்றலாம். நாற்றம் அடிக்கும். பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. காய்ந்த புண்ணாக்கை மேலாகத் தூவினால் எறும்பும் எலியும் வரும், மண்ணில் புதைக்கவும்.

ஆட்டுப் புழுக்கை சாணத்தைவிடச் சத்து அதிகம். ஆனால் பச்சையாகப் போட்டால் சூடு கிளம்பி வேர் வெந்துபோகும். இரண்டு மூன்று மாதம் மக்கவைத்த பிறகே பைக்கு. எருவைத் தொட்டுப் பார்த்தால் மண்வாசம் வர வேண்டும், சாண வாசம் வரக்கூடாது. பெரியவர்கள் பார்க்கும் இந்த டெஸ்ட்டுக்கு லேப் தேவையில்லை.

ஆமணக்குப் புண்ணாக்கு வாங்குவோர் மட்டும் கவனம். அதில் ரிசின் என்ற நச்சு உண்டு. நாய், ஆடு, மாடு தின்றால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் செல்லப்பிராணி இருந்தால் வேம்புக்கு மாறிவிடுங்கள்.

மாடியைத் தாண்டி கொல்லையில் பாத்தி போடுபவர்கள் மண் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. வேளாண்மைத் துறையிடமும், திண்டிவனத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும் விவரம் கேட்கலாம். மல்லாட்டை ரகங்களின் பெயரில் வரும் ‘டி.எம்.வி.’ என்ற எழுத்துகள் அதே திண்டிவனத்தைக் குறிப்பவைதான். அங்குள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ரகங்கள் அவை. வல்லுநர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

ஆர்டர் பட்டனை அழுத்தும் முன் ஐந்து கேள்விகள்

1. என் செடிக்கு என்ன குறை என்று இலையைப் பார்த்தேனா, வீடியோவைப் பார்த்தேனா?
2. இது சாப்பாடா, ஊக்கியா? சாப்பாடு என்றால் சத்து சதவீதம் எங்கே?
3. ஒரு கிராம் சத்துக்கு எவ்வளவு கொடுக்கிறேன்?
4. லேபிளில் உற்பத்தியாளர் முகவரி, தேதி, அனுமதி விவரம் இருக்கிறதா?
5. இதே சத்து எருக்குழியிலோ, செக்கிலோ, உள்ளூர் உரக்கடையிலோ கிடைக்குமா?

ஐந்துக்கும் பதில் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். எருவும் தண்ணீரும் சரியாக இருக்கும் செடிக்குக் கடற்பாசிச் சாறோ பஞ்சகவ்யாவோ கூடுதல் பலம் தரலாம். முதல் முறை இரண்டு பையில் மட்டும் போட்டு, இரண்டு பையில் போடாமல் விட்டுப் பாருங்கள். ஒரே ரகம், ஒரே தண்ணீர், ஒரே வெயில். ஒரு மாதம் கழித்து இரண்டிலும் காயை எடை போட்டால், அந்த பாட்டிலுக்கு அடுத்த முறை பணம் கொடுக்கலாமா என்பது உங்கள் மாடியிலேயே தெரிந்துவிடும்.